பதினோராம் கூண்டு

பகாவ் ஐந்தாங்கட்டையில்
செம்பனை லோரிகள் வளைந்து திரும்பும் முனை.
பதினெட்டுக் கூண்டு.
அரை இஞ்சுக் குழாய், பதினெட்டு நிப்பிள்,
ஒரு நீலத் தொட்டி, ஒரு டைமர்,
தீனி கொட்டத் தகரப் புனல்கள்.
கூலி ஆயிரத்து இருநூறு வெள்ளி என்றேன்.
மேடம் லோ ஆயிரம் என்றார்.
ஆயிரத்து ஐம்பதில் நின்றோம்,
மதியச் சாப்பாடு சேர்த்து.

கோழிப்பண்ணைகளுக்கு மாட்டிப் பழகிய கை.
கோழிக்கு அண்ணாந்து குடிக்கத் தெரியும்.
நாய் குனிந்து குடிக்கும் சாதி.
அதற்குத் தண்ணீர் என்றால்
தரையில் ஒரு பளபளப்பு,
அதில் தன் மூக்கு.
சுவரில் துருத்திய பித்தளைக் குமிழைக் காட்டி
இதுதான் தண்ணீர் என்று
எந்த மொழியில் சொல்வது?

"எதையாவது தடவுங்க" என்றாள் பரிமளம்.
ஏழு வருடம் விடியற்காலை நாலரைக்கு
வாளி தூக்கியவள்.
வலது தோள் இடதைவிட
ஒரு விரல்கடை தாழ்ந்திருக்கும்.
சார்டின் டின்னில் மிஞ்சிய குழம்பை
அவளே வழித்துக் குமிழில் பூசினாள்.
முதல் கூண்டு நக்கியது.
நக்கியதும் பீய்ச்சியது.
பயந்து, பின்வாங்கி, குரைத்து,
மறுபடி நக்கியது.
அவ்வளவுதான் படிப்பு.
பொழுது சாய்வதற்குள் பதினேழு நாய் தேறிவிட்டன.

பதினொன்று மட்டும் தேறவில்லை.
காப்பி என்று பெயர்,
பால் குறைவாக ஊற்றிய நிறம்.
சார்டினை நக்கும்.
தண்ணீர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்,
ஏமாற்றி மருந்து கொடுத்தோம் என்பதுபோல.

ஆறு மணிக்கு டைமர் 'டிக்' என்றது.
எல்லாப் புனலும் ஒன்றாகத் திறந்தன.
துத்தநாகக் கூரையில்
ரப்பர்க் கொட்டைகள் விழுகிற சத்தம்.
பிறகு மெல்லும் சத்தம்.
குரைப்பே இல்லை.

"ஒண்ணாம் நம்பருக்கு மொதல்ல போட்டா
பதினெட்டு என்னை ஏசும்.
பதினெட்டுலேர்ந்து ஆரம்பிச்சா ஒண்ணு ஏசும்.
இன்னிக்குத்தான் யாரும் ஏசல."
சொல்லிவிட்டு, நம்பர் விழுந்தவள்போலச் சிரித்தாள்:
"நாளைக்கு ஏழு மணிவரைக்கும் தூங்கப்போறேன்."

மூன்றாம் நாள் இடி.
இரவெல்லாம் மின்சாரம் போய் வந்ததில்
டைமர் நினைவிழந்து
பன்னிரண்டு மணியைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.
மேடம் லோ போனில் கத்தினார்.
மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினேன்.

அந்நியன் ஒருவன் உள்ளே வருகிறான்,
ஒரு நாயும் திரும்பவில்லை.
வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
புனலைப் பார்த்துக்கொண்டிருந்தன.
காவலுக்கென்று வளர்க்கிற நாய்கள்.
எனக்கு என்னவோ போல் இருந்தது.
நேரத்தைத் திருத்திப் பொத்தானை அமுக்கினேன்.
கொட்டை விழுந்தது.

காப்பி மட்டும் என்னைப் பார்த்துக் குரைத்தது.
அதன் நிப்பிள் கசிந்துகொண்டிருந்தது.
என் வேலை கசியாது.
குனிந்து பார்த்தேன்:
யாரோ மரையை அரைச் சுற்றுத் தளர்த்தி
அடியில் மங்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்.
விளிம்பு பெயர்ந்த பழைய எனாமல் மங்கு.
சொட்டு. சொட்டு.
முக்கால் மங்கு பளபளப்பு.

கையில் ஸ்பேனர்.
தலை சீவியபடி வந்த பரிமளம்
தொட்டியைப் பார்ப்பதுபோல் நின்றாள்.

"அங்கே ஒழுகுதே?" என்றார் மேடம் லோ.

"இல்லைங்க மேடம், அது செட்டிங்.
டைமருக்கு பேட்டரி போடணும்,
பதினாறு வெள்ளி தனி."