திருப்பி அனுப்பிய நோட்டு

அழகியமண்டபம் முக்கில்
பஸ் திரும்பும்போது கண்டக்டர் சொல்லுவார்:
"பம்புக்கடை எறங்கு."
நிறுத்தத்துக்கு வேறு பேர் உண்டு. யாரும் சொல்வதில்லை.

பத்தொன்பது வருஷம்.
டிப்பர், மினிலாரி, குளச்சல் விசைப்படகின் பம்பு,
எதுவானாலும் பிரித்துப் பூட்டிய கை.
ரோட்டில் உறுமிக்கொண்டு வரும்போதே
எத்தனாவது நாசில் ஒழுகுகிறது என்று
ஷட்டருக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லிவிடுவேன்.
"பிறிசில்லா அக்காவுக்குக் காதிலே ஸ்பேனர்" என்பான்
கல்லுலோடு ஓட்டும் றாபி.
கொஞ்சம் தலைக்கனமும் உண்டுதான் எனக்கு.

பிறகொரு ஆடி மழையில்
வந்து நின்றது புது வண்டி.
நான் அறிந்த பம்பு இருந்த இடத்தில் ஒரு குழாய்,
குழாய் மேல் ஒயர்கள்,
ஒயர்கள் போய் முடிகிற இடத்தில்
திறக்க முடியாத கறுப்புப் பெட்டி.
காதைக் கொடுத்தேன்.
நாலும் ஒரேபோல் முணுமுணுத்தன,
வேற்றூர்க்காரர்கள் மாதிரி.
"நாகர்கோவில் கொண்டு போங்க."
ஒரு வண்டிதானே.

அன்று மத்தியானம் வேலை இல்லை.
மகனின் பழைய கணக்கு நோட்டில்
பின்பக்கத்திலிருந்து எழுதினேன்:
தேதி. வண்டி. ஏன் அனுப்பினேன்.

ஆடியில் ஒன்று.
ஓணத்துக்கு முன் நாலு.
கிறிஸ்துமசுக்குள் இருபத்தாறு.
வரவு நோட்டில் அப்போதும் பெரிய இறக்கம் இல்லை;
அதற்கு வந்தவர்களை மட்டுந்தான் தெரியும்.
இந்த நோட்டிலோ
"ஏன்" என்ற பத்தியில் இருபத்தாறு தடவை
என் கையெழுத்தில் ஒரே சொல்:
தெரியாது.

வளையல் ரெண்டும்
மார்த்தாண்டத்து வங்கியில் உட்கார்ந்தன.
நான் கோயம்புத்தூரில் பெஞ்சில் உட்கார்ந்தேன்,
பதினொரு நாள்,
மீசை முளைக்காத பையன்களுக்கு நடுவே.
"வோல்டேஜ்னா என்ன சார்?" என்று கேட்டேன்.
சிரித்தார்கள். இன்னொரு தடவை கேட்டேன்.

திரும்பி வந்து ஆறு மாசம் கை நடுங்கியது.
ரெண்டு இன்ஜெக்டரை நானே கெடுத்தேன்,
என் காசில் மாற்றிக் கொடுத்தேன்.
அதையும் நோட்டில் எழுதினேன்.
அந்தப் பக்கத்தில் மட்டும் "ஏன்" நீளம்.

தேங்காப்பட்டணத்து மீன்வண்டி ஒன்று,
ஏசுராஜனுடையது,
மூணாவது தடவையாக வந்தது போன மாசம்.
மெஷின் எல்லாம் சரி என்று பச்சை காட்டியது,
வண்டி புகைதான் காட்டியது.
மீன் நாற்றத்துக்குள் தலையை நுழைத்து
டாங்கி மூடியைத் திறந்து மோந்தேன்.
மண்ணெண்ணெய்.
"வள்ளத்துக்கு வாங்கினது… கொஞ்சம்போல…" என்று
தலையைச் சொறிந்தார்.
மெஷினுக்கு மூக்கு வைக்கவில்லை கம்பெனிக்காரன்.

வளையல் ஒன்று வந்துவிட்டது.
மற்றதற்கு வட்டி ஓடுகிறது.

நேற்று சாயங்காலம்
ஒரு ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்தான் ஒரு பையன்.
புகைக்குழல் இல்லை. டாங்கி இல்லை. மோந்து பார்க்க
ஒன்றுமே இல்லை.
சாவியைத் திருப்பினான்.
காதைக் கொடுத்தேன்.
எதிர்க்கடை டீயாற்றும் சத்தம் கேட்டது.

நோட்டை எடுத்தேன்.
தேதி. கரண்ட் ஆட்டோ.
"ஏன்" பத்தியில் பேனா நின்றது.

"நாகர்கோவில் போகட்டா அக்கா?"

"அங்கயும் தெரியாது மக்கா.
சாயா குடிச்சிட்டு இரி.
இது எங்க வச்சு பேசுதுன்னு
முதல்ல நான் பாக்கட்டு."