மறுப்புக் குறிப்பு

ஷார்ஜா, அல் நஹ்தா. ஆகஸ்ட்.
பள்ளிப் பேருந்தில் ஏறி இறங்கிப்
பிள்ளைகளை எண்ணுகிற ஜெனோவாவுக்கு
அடிவயிற்று மடிப்பில் வேர்வை நின்று
மறுபடியும் புண்.

இரட்டையர் விட்டுப்போன தோல்.
பவுடர், களிம்பு,
நடுவில் செருக
கணவனின் பழைய பனியன் துணி.

குடலிறக்கத்துக்குக் காப்பீடு உண்டாம்.
மேலே தொங்குவதற்கு இல்லை.
'உள்ளே தைப்பேன்,
வெளியே தொட மாட்டேன்'
என்றார் டாக்டர், தையற்காரர் மாதிரி.

செயலியில் வந்த காரணம்:
அழகு சார்ந்தது.

பெண் பார்க்க வந்தவர்கள்கூட
அவளிடம் சொல்லாத சொல்.
முதல்முறை எழுத்தில் வந்திருக்கிறது,
நிராகரிப்போடு.

மேல்முறையீட்டுக்குப் படம் கேட்டார்கள்.
குளியலறை விளக்கில்
சட்டை நுனியைப் பல்லில் கடித்தபடி
எடுத்தாள், நான்கு.

முகம் தேவையில்லை
என்று விதியிலேயே இருந்தது.