தொங்கற் கணக்கு

ஏப்ரலில் வந்தது முதல் உறை.
சட்பரியில் அப்போதும் பனி
வாகனத் தரிப்பிட ஓரங்களில் கறுத்துக் கிடந்தது.
உள்ளே இரண்டு இருபது டொலர்த் தாள்.
கடிதமில்லை, பெயரில்லை.
எங்கள் விலாசம் மட்டும்,
பேனையை அழுத்தி எழுதிய பெரிய எழுத்தில்.

வீட்டுச் சூடாக்கி திருத்துகிற கம்பனி.
வருகிற காசைப் பதிவது என் வேலை.
திரை கேட்கும்: வாடிக்கையாளர் யார்?
எந்த விலைப்பட்டியலுக்கு?
ஊர் எது, ஆர் பிள்ளை என்று கேளாமல்
கதிரை காட்டாத கலியாணத் தரகர் மாதிரி
அதற்கு மேல் நகராது.

"நாற்பது டொலர்தானே,
பல்வகை வருமானத்தில் போட்டுவிடு" என்றாள் ட்ரேசி.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்கிற மொழி
என்னுடையது.
தொங்கற் கணக்கில் போட்டேன்.
எங்கே வைப்பதென்று தெரியாததைக்
கொழுவி வைக்க ஓர் ஆணி.

இரண்டு கிழமைக்கு ஒரு வெள்ளி, அதே உறை.
கருஈ மொய்த்த ஜூனில் வந்தது.
நான் விடுமுறையில் நின்றபோதும் வந்து
என் மேசையில் காத்திருந்தது.
மாத முடிவு தோறும் ட்ரேசி
அந்த வரியை மஞ்சளால் அடிப்பாள்.
நாற்பது, நாற்பது, நாற்பது.
நிலுவைப் பட்டியலில் எவரோடும் பொருந்தாத நாற்பது.

நவம்பரில் பதினாறாவது உறை கனத்தது.
ஒரு பத்து. ஒரு ஐந்து.
மட்டையில் ஒட்டிய சில்லறை:
இரண்டு டொலர்க் குற்றி இரண்டு,
ஒரு கால் டொலர், ஒரு பத்துச் சதம்,
பிறகு
இரண்டு செப்புச் சதம்.
நாட்டில் சதம் ஒழிந்து எத்தனை வருடம்!
எந்த லாச்சியின் அடியில் தேடினார்களோ.

கூட்டினேன். 619.37.
நிலுவையில் தேடினேன், இல்லை.
முடிந்த கணக்குகளில் தேடினேன்.
ஒன்றே ஒன்று எழுந்து நின்றது,
கடைசிச் சதம் வரை.

எல். லாஃப்ரம்புவாஸ்.
இரண்டு வருடம் முந்திய பெப்ரவரி, இரவு 2.40.
திருத்தப் போனவரின் குறிப்பு:
"வீட்டுக்குள் ஒன்பது பாகை. கைக்குழந்தை."
கீழே: மூன்று தரம் அழைத்தோம், இலக்கம் பாவனையில் இல்லை.
அதற்கும் கீழே: அறவிட முடியாக் கடன்.
பதிவழித்தவர்: கோகிலவா.

அது நான்தான்.
எட்டு எழுத்தோடு இந்தத் திரை நறுக்கிய
என் பெயர்.
அழித்த ஞாபகம் இல்லை.
அன்று பின்னேரம் நாற்பது, ஐம்பது அழித்திருப்பேன்,
தேத்தண்ணி ஆறுவதற்குள்.

அழித்த கடனுக்கு நேராகக் காசு வாங்க முடியாது.
முதலில் கடனை உயிர்ப்பிக்க வேண்டும்:
கடன்பட்டோர் வரவு, அறவிட முடியாக் கடன் செலவு.
ஒரு நிமிடம் அந்த வீடு
மறுபடி எங்களுக்குக் கடன்பட்டு நின்றது.
அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிடிக்கவில்லை.
பிறகு ஆணியில் தொங்கிய பதினைந்தையும் இறக்கி,
பதினாறாவதைச் சேர்த்துப் பொருத்தினேன்.
மீதி: சுழியம்.

"மின்னஞ்சலில் பற்றுச்சீட்டு அனுப்பவா?"
மின்னஞ்சல் இல்லை.
அச்சடித்து, மடித்து,
பழைய விலாசத்தை நானே எழுதினேன்,
பேனையை அழுத்தி.
அங்கே இப்போது யார் இருக்கிறார்களோ.

இரண்டு கிழமை கழித்து வெள்ளி.
தபால்காரர் பனிச் சப்பாத்தோடு வந்தார்.
கட்டைப் பிரித்தேன்.
எல்லா உறையிலும்
பெயர் இருந்தது.