மூன்றாவது நாற்காலி

மேடை வேண்டாமென்றார் கிறிஸ்டபெல் டீச்சர்.
பாளையங்கோட்டையில் அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம்.
ஹாலில் பெஞ்சுகளைத் தள்ளிப் போட்டு
தரையிலேயே நாலு நாற்காலி, அரைவட்டமாக.
ஃபேன் போட்டால் தாள் பறக்கிறது,
நிறுத்தினால் விரல் வழுக்குகிறது.
துணிக் கொடியிலிருந்து எட்டு கிளிப் கழற்றி
எண்ணித் தந்தார் வாட்ச்மேன் சுப்பக்கோன்.
எண்ணித் திருப்பித் தர வேண்டும்.

செல்லோ பணகுடியிலிருந்து பஸ்ஸில் வரும்.
அருமைநாயகம் அங்கே காற்றாலைகளுக்குக் கிரீஸ் போடுகிறவர்.
நகக்கண்ணில் கறுப்பு, எந்தச் சோப்புக்கும் மசியாது.
"என்னது அண்ணாச்சி இது?" என்றாராம் கண்டக்டர் முதல் நாள்.
"செல்லோ."
"செல்லும், செல்லும். ரெண்டு டிக்கெட் எடுத்தாச் செல்லும்."
நாலு வருஷமாக மாதம் இரண்டு ஒத்திகை.
ஜன்னலோரம் எப்போதும் செல்லோவுக்குத்தான்.

நான் இரண்டாம் வயலின்.
பகலில் பத்திரப் பதிவு ஆபீஸ்.
வில்லங்கம் பார்த்துக் களைத்து
வில் பிடிக்க வந்தவன் என்று டீச்சர் சொல்வதற்கு
முதல் தடவை சிரித்தேன்.

ஆறரைக்கு என்று நோட்டீஸ். மணி ஆறு ஐம்பது.
வயோலா இன்னும் வரவில்லை.
செய்யதலி பாத்திமா
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ்.
போனில் அவள் குரலுக்குப் பின்னால் வேறொரு குரல் அலறியது.
"பிள்ளை குறுக்க கெடக்கு டீச்சர்.
நீங்க தொடங்குங்க, வந்துருதேன்."

நாலு பேருக்கு எழுதியதை
மூன்று பேர் வாசித்தோம்.
கேட்க முப்பத்தொரு பேர்,
மழைக்கு ஒதுங்கிய இருவரையும் சேர்த்து.
டீச்சர் கணக்கு வாத்தியார்,
வாய்க்குள் எண்ணுவது முன்வரிசைக்குக் கேட்கும்.

இத்தனை ஒத்திகையில்
வயோலா என் காதில் விழுந்ததே இல்லை.
மேலே டீச்சர், கீழே அருமைநாயகம்,
அவர்களைப் பிடித்துக்கொண்டு ஓடுவதே என் பாடு.
இன்றைக்கு என் வலப்பக்கம்
ஒரு படி இல்லாத மாடிப்படி.
கால் வைக்கிற இடமெல்லாம் அதுவாகவே இருந்தது.
நான் கேள்வி கேட்டு முடிக்கிறேன்,
நாற்காலி சும்மா இருக்கிறது.
ஒருவருக்கும் தெரியவில்லை.
நடுவில் நிறுத்தியதற்கே கை தட்டினார்கள்.
ஒரு பையன் சிப்ஸ் பாக்கெட்டை
அவன் நினைத்த மாதிரி மெதுவாகப் பிரித்தான்.

மூன்றாம் பகுதியில் கதவு திறந்தது.
ஆஸ்பத்திரிச் செருப்பு, நனைந்த முக்காடு.
பெட்டியைத் திறந்தாள், சுருதி பார்க்கவில்லை,
உட்கார்ந்தாள், டீச்சரைப் பார்த்தாள்.
"ஒண்ணு, ரெண்டு, நாப்பத்தேழு, நாலு" என்றார் டீச்சர்.
நாற்பத்தேழாவது கட்டத்தில் அவள் ஏறிக்கொண்டாள்.

அப்புறம்தான் எனக்கு
என் வயலினே கேட்டது.

முடிந்ததும் அருமைநாயகம் கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்,
செல்லோ முதுகில் ஆட,
மழையில் இரண்டு பேர் ஓடுவது போல.
பெஞ்சுகளைப் பழையபடி போட்டோம்.
"முதல் ரெண்டும் எப்படி இருந்துச்சு?" என்றாள் பாத்திமா.
"நல்லா இருந்துச்சு," டீச்சர் சொன்னார்.
வில்லங்கம் ஏதுமில்லை என்று
நானும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் நம்பவில்லை போலிருக்கிறது.
நின்றபடியே எடுத்து
முதல் பகுதியின் தன் பங்கை மட்டும் வாசித்தாள்.
ராகம் என்று ஒன்றும் இல்லை அதில்.
ஒரே சுரம் எட்டுத் தடவை. பிறகு நிறுத்தம்.
இரண்டு சுரம் கீழே இறங்கி, மறுபடி நிறுத்தம்,
நீளமாக.

சுப்பக்கோன் ஒரு கையில் கிளிப்புகளும்
மறு கை லைட் சுவிட்சிலுமாக நின்றார்.
"முடிஞ்சுட்டா?" என்றார் என்னிடம்.
இல்லை என்று கை காட்டினேன்.
அவள் உதடு எண்ணிக்கொண்டிருந்தது.