எஃப்

ஒரு கட்டளையில் எஃப் என்றால் கோப்பு.
இன்னொன்றில் எஃப் என்றால் கேளாமல் செய்.
இரண்டையும் எழுதியவள் நான்தான்,
ஆறு மாத இடைவெளியில்,
கொள்ளுப்பிட்டியில், அதே கதிரையில்.

ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில்
இரவு ஷிப்ட் ரிஸ்மின்
கோப்பென்று நினைத்துத் தட்டினான்.
நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள்.
திரையில் ஒரு சொல்லுமில்லை,
வெறும் கறுப்பு, துடிக்கும் கோடு.
வேலை சரியாக முடிந்தாலும்
அதுதான் எங்கள் முகம்.

பாவனையாளர் தவறு என்று அறிக்கையில் எழுதி,
அனுப்பாமல்,
நூறாம் இலக்க பஸ்ஸில் ஏறினேன்.
நடத்துநர் புதுசு. பஸ் அதைவிடப் பழசு.
என்றாலும் ஒரு மணிக்கு நின்றது,
இரண்டு மணிக்குக் கிளம்பியது,
காலையில் வந்த பஸ்ஸைப் போலவே,
எந்த பஸ்ஸையும் போலவே.
வெள்ளவத்தையில் இறங்கி
மருந்துக்கடை வெளிச்சத்தில் நின்று
அந்த வரியை அழித்தேன்.

மூன்று கிழமை போனது.
எஃப் எங்கும் கோப்பானது.
அழிக்கிற கட்டளைக்கு இனி முழுச்சொல் வேண்டும்.
எத்தனை பதிவு போகுமென்று அது சொல்லும்.
பிறகு கேட்கும்: சரியா?
பிறகும் கேட்கும்: நிச்சயமா?

ரிஸ்மின் போன் எடுத்தான்.
“நல்லாத்தான் இருக்கு மிஸ்.
ஆனா எல்லாத்துக்கும் கேக்குது.
இப்ப நான் வாசிக்கிறதே இல்ல.
ஓம், ஓம்னு அடிச்சிட்டுப் போறன்.”

ஜன்னலுக்குக் கீழே கரையோர ரயில்
முழுவதும் கடக்கும்வரை பேசாதிருந்தேன்.

இரண்டாவது கேள்வியை எடுத்துவிட்டேன்.
முதலாவதன் மேல் விரல் வைத்தபடி
இன்னும் இருக்கிறேன்.