வீடு காலி செய்தல்

எங்கள் ஃபர்ம்வேர் நாளை பெரிய திட்டத்தோடு சேர்கிறது.
பெண்ணை அனுப்புவது மாதிரி என்கிறாள் ஷைலஜா.
எனக்கென்னவோ பானஸ்வாடியில் வீடு காலி செய்த ஞாபகம்:
ஆணி பிடுங்கி, ஓட்டையில் பற்பசை அடைத்து,
அப்படியும் பெயின்ட்டுக்கென்று
ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இங்கேயும் அதே வேலை.
212ஆம் வரியில் என் வைஃபை கடவுச்சொல்,
நான்கு வருடமாக ஊரே பார்க்க.
சிப் கம்பெனியைத் திட்டியது
தமிழில் ஏழு, கன்னடத்தில் இரண்டு.

உரிமம் மாற, எழுதிய எல்லோரும் சம்மதிக்க வேண்டும்.
சம்மதித்தார்கள்.
மழைக்கோழி என்ற பெயரில்
நாற்பத்தொரு வரி அனுப்பியவரைத் தவிர.
போட்ட மெயில் எல்லாம் திரும்பி வருகிறது.
கரண்ட் போய் வந்தால் ரௌட்டர் தானாக எழுவது
அந்த வரிகளால்தான்.

அழித்தேன்.
பார்க்காதவர்தான் புதிதாக எழுதலாம்;
எனக்கோ மனப்பாடம்.
ஷைலஜா எழுதினாள், ஐம்பத்தெட்டு வரி.

சோதிக்கும் வேலையை பெஸ்காம் எடுத்துக்கொண்டது,
இரவு பதினொன்றே காலுக்கு.
இருட்டில் இருவரும் பேசவில்லை.
கரண்ட் வந்தது. பச்சை விளக்கு
ஒன்றரை நொடி தாமதித்து எரிந்தது.

நன்றிப் பட்டியலில்
மழைக்கோழியை விட்டுவைத்திருக்கிறேன்.
அதற்கு யாரிடமும்
சம்மதம் கேட்கவில்லை.