கூரைக் கமரா

விற்றது வியாழக்கிழமை.
எங்களுக்குச் சொன்னது திங்கள்.
இடையில் மூன்று நாள்
யாருடைய தொலைக்காட்சியை ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது
இன்னும் எனக்குத் தெரியாது.

ஓல்ட்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
மூன்றாம் மாடி. கீழே பல் வைத்தியர்.
அவருடைய துளைகருவி
ஆறு மணிச் செய்தியில் மெல்லக் கேட்கும்.
ஊர்ச்சனம் அதையும் செய்தியென்றே எடுத்துக்கொண்டது.

சூரிச்சிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்.
நல்ல சப்பாத்து. ஈரக்குடையை
எங்கே வைப்பதென்று கேட்டுத்தான் வைத்தார்கள்.
பிறகு எண்ணத் தொடங்கினார்கள்.
கதிரை இருபத்தொன்று, அதில் ஆடுவது நான்கு.
காலநிலை வாசிக்கும் ரெகுலாவின் பச்சைத்திரை, கிழிசலோடு.
கோப்பி மெசின்: "இது வாடகையா?"
ஒவ்வொன்றிலும் மஞ்சள் ஸ்டிக்கர்.
என் மேசைக்கு வந்தபோது எழுந்து நின்றேன்,
ஏனென்று தெரியவில்லை.
கதிரையில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.
திரும்ப உட்கார்ந்தால்
என் முதுகுக்கும் அந்த எண்ணுக்கும் இடையில்
ஒரு சட்டைதான்.

விலை, வீட்டுக் கணக்கில் வந்ததாம்.
முப்பத்தோராயிரம் வீடு; வீட்டுக்கு இத்தனை பிராங்.
ரெகுலா வகுத்துப் பார்த்தாள்:
ஒரு வீடு ஒரு கெபாப், குளிர்பானம் இல்லாமல்.
சிரித்தோம்.
அந்தக் கணக்கில் திருமதி ஷெங்க்கரின் கிளி
சேர்த்தியா என்று யாரும் கேட்கவில்லை.
அவள் வேலைக்குப் போகையில்
அதற்குத் துணையாக எங்களைப் போட்டுவிட்டுப் போவாள்.
நகரசபைக் கூட்டத்தை
முழுவதும் பார்க்கும் ஒரே உயிர்.

உலகத்துக்கு வேண்டியது எதுவும் எங்களிடம் இல்லை.
தொலைந்த பூனை. மூன்று வாரம் மூடப்படும் சுரங்கப்பாதை.
ஹொக்கியில் தோற்றோம். மறுபடி தோற்றோம்.
காலை ஐந்திலிருந்து ஏழு வரை
கூரையில் ஒரு கமரா: ஆரே ஆறு, மரப்பாலம்.
நவம்பர் பிறந்தால் இரண்டும் இல்லை,
மூடுபனி மட்டும்.
பாட்டில்லை, பேச்சில்லை, மூலையில் மணி.
அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள் என்று
சூரிச்சின் அட்டவணையே சொன்னது;
பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

ஒப்பந்தத்தில் அந்தக் கமரா இல்லை.
பல் வைத்தியரின் கூரை, நகரசபையின் கம்பம், எங்கள் வயர்.
வக்கீல் மூன்று கடிதம் எழுதினார்.
ஆனையை விற்றாயிற்று,
அங்குசத்துக்கு வழக்கு.

கடைசி இரவு என் முறை.
பன்னிரண்டுக்கு சூரிச் இழுத்துக்கொள்ளும்,
நீங்கள் எதையும் தொடத் தேவையில்லை
என்றிருந்தது மின்னஞ்சல்.
பன்னிரண்டு.
இழுத்தார்கள். வரவில்லை.
திரை கறுத்தது.
பதினொரு வருடத்தில் கறுப்பை நான்
நாலு விநாடிக்கு மேல் விட்டதில்லை.
கை போய்விட்டது,
பால் பொங்கும்போது அடுப்புக்குப் போகும் கை.
கூரைக் கமரா.

இரண்டு மணித்தியாலம் பத்து நிமிடம்
யாருக்கும் சொந்தமில்லாத மூடுபனி
முப்பத்தோராயிரம் வீட்டுக்குள் நின்றது.
ஒருமுறை சரக்கு ரயிலின் வெளிச்சம்
துணியில் எண்ணெய் ஊறுவதுபோல் வந்து
போனது.

தொலைபேசி ஒரே ஒருதரம் அடித்தது.
சூரிச் என்று நினைத்து எடுத்தேன்.
வயதான ஆண் குரல். பெயர் சொல்லவில்லை.
"இன்றைக்கு நேரத்தோடு தொடங்கிவிட்டீர்கள்" என்றார்.
ஓம் என்றேன்,
வாய் தவறித் தமிழில்.
ஓம், என்று அவரும் சொல்லிவிட்டு
வைத்துவிட்டார்.

இரண்டு பத்துக்கு
வேறெந்த ஊரினதோ சமையல் நிகழ்ச்சி வந்தது.
நல்ல நிறம். வெங்காயம் ஒழுங்காக வதங்கியது.
மேலே போய்க் கூரைக்கதவைப் பூட்டினேன்.
திறப்பை யாரிடம் கொடுப்பதென்று
எந்த மின்னஞ்சலிலும் இல்லை.
கோட்டுப் பையில் கிடக்கிறது இன்னமும்;
ரயில் வளைவெடுக்கும்போது
சில்லறையோடு சேர்ந்து
ஒரு சத்தம் போடும்.